எண்பத்து நான்கும் முப்பத்தாறும்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது. மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும் டவுன்ஹவுஸ் வரிசையில் எங்கள் வீடு. மகள் அந்த வருஷம்தான் ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை, அவர் வாசலில் உதிர்ந்து கிடந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தார். சமையலறை ஜன்னல் வழியாக நான் பார்த்தபோது வாருகோல் புல்லில் கிடந்தது. அவர் அதைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். குனிந்து எடுக்கவில்லை.

கையில் ஒட்டியிருந்த மாவோடு வெளியே ஓடினேன்.

"மச்சான், என்ன ஆச்சு?"

வாயைத் திறந்தார். வந்தது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. வலது கை தோளிலிருந்து தொங்கியது, சட்டையின் கைப்பகுதியில் வேறு எதையோ போட்டு அடைத்த மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து ஆம்புலன்ஸ் வரவழைத்தார். வண்டியில் ஏறும்போது மகள் காலில் செருப்பு இல்லாமல் வந்து உட்கார்ந்ததை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

மூளையின் இடது பக்கத்தில், சற்றுப் பின்னால், ஒரு சின்ன இடத்துக்கு ரத்தம் போகாமல் நின்றுவிட்டது என்றார்கள். சின்ன இடம் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்னார் என்று அப்போது நினைத்தேன்.

பேச்சு வந்துவிட்டது. முதலில் என் பெயர், பிறகு மகள் பெயர், பிறகு தண்ணீர், வலிக்குது, வீட்டுக்குப் போகலாம். குளிர் தொடங்குவதற்குள் முழு வாக்கியங்கள் வந்தன, மெதுவாக, நடுநடுவே நின்று நின்று. வலது கால் சரியானது. கை பாதி சரியானது. பார்க்க வந்தவர்களெல்லாம் "அல்ஹம்துலில்லாஹ், எவ்வளவோ தேவலை" என்றார்கள். எங்கள் குடியிருப்பிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டு வந்தன. சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக வரும் ஒரு நாகர்கோவில் ஆன்ட்டி ஒவ்வொரு ஞாயிறும் மீன் குழம்பு கொண்டு வருவார். என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபித்துவிட்டுப் போவார். என் கணவரும் கண்ணை மூடிக்கொள்வார்.

எது திரும்பி வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியவே கொஞ்ச காலம் ஆனது.

முதல் அறிகுறி தொழுகையில்தான் தெரிந்தது. மதிய வேளை லுஹர் தொழ நாற்காலியில் உட்கார்ந்தவர் பாதியில் நின்றுவிடுவார். நாலு சுற்றில் இது இரண்டாவது ரக்அத்தா மூன்றாவதா என்று பிடிபடாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். சில நாள் நாலைந்து தடவை. பிறகு ஒரு நாள், "என்னைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிட்டுப் போயிரு," என்றார். "அங்கே இமாம் பின்னாடி நின்னா போதும். நான் எண்ண வேண்டியதில்ல." அதிலிருந்து முடிந்த வேளையெல்லாம் காரில் கூட்டிப் போனேன்.

பக்கவாத நோயாளிகளுக்கான பயிற்சி மையத்தில் ஒரு நரம்பியல் உளவியல் நிபுணர் அவரைச் சோதித்தார். நாற்பது வயதிருக்கும் வெள்ளைக்காரப் பெண், மெல்லிய குரல். இரண்டு எண்களைக் காட்டி எது பெரிது என்று கேட்டதற்கு என் கணவர் சரியாகச் சொன்னார். ஒன்பதிலிருந்து நாலு போனால் என்றதற்கு விரலை மடக்கிச் சரியாகச் சொன்னார். பிறகு அந்தப் பெண், "ஏழு எட்டு எவ்வளவு?" என்றார்.

என் கணவர் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தார். புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும்போது வரும் எண்களையெல்லாம் சேர்த்துச் சரிபார்க்கிற புரோகிராம்களை எழுதுவது அவர் வேலை. கல்யாணமான புதிதில் கடையில் நான் கால்குலேட்டரைத் தேடினால், அதற்குள் அவர் மொத்தத்தைச் சொல்லியிருப்பார். அவர் இப்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நான் தமிழ்ல கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றேன். அவர் தேனிப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவர். கணக்கு எப்போதும் தமிழில்தான் போடுவார். அந்தப் பெண் தலையசைத்தார்.

"ஏழு எட்டு?" என்றேன்.

"ஏழு எட்டு..." உதடு அசைந்தது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கத்துகிற ராகம் வந்துவிட்டது. அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. "ஏழு எட்டு... முப்ப... ஏழு எட்டு..." மூன்றாவது முறை முயன்றுவிட்டு, தோற்றவரைப் போல அல்லாமல் ஆச்சரியப்பட்டவரைப் போல என்னைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குள் நுழைந்து ஒரு அறையே இல்லை என்று கண்டவருக்கு அப்படித்தான் இருக்கும்.

வாய்ப்பாடு மூளையில் பேச்சோடு சேர்ந்து தங்கியிருக்கும், மனப்பாடமான பாட்டைப் போல. அந்த இடம் அடிபட்டுவிட்டது என்று அந்தப் பெண் விளக்கினார். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது. அப்போது நான் அதைப் பாதிதான் வாங்கிக்கொண்டேன்.

ஊரிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. "அங்கே என்னம்மா இருக்கு? புள்ளையையும் மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வந்துருங்க," என்றார் என் அண்ணன். மாமி, அதாவது என் மாமியார், பேசாமல் அழுவார். நான், வேலை பார்ப்பவரின் மனைவிக்குக் கொடுக்கும் எச் ஃபோர் விசாவில் இருந்தேன். வேலைக்குப் போக அனுமதி இல்லை. அவருடைய வேலைதான் எங்கள் மூவரையும் அந்த நாட்டில் நிறுத்தியிருந்தது. நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு வரிசையில் பல வருஷமாக நின்றுகொண்டிருந்தோம். அவருடைய மேனேஜர் நல்ல மனிதர், குஜராத்திக்காரர். "வேலையை நான் பிடிச்சு வெச்சிருக்கேன், நிதானமா வரட்டும்," என்றார். நிதானம் எவ்வளவு காலம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

குளிர் முற்றிய ஒரு சாயங்காலம். வெளியே பனி குவிந்து கிடந்தது. மகள் சாப்பாட்டு மேஜையில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, கைப் பயிற்சிக்குக் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டிருந்தார். அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டே, தலை நிமிராமல், முன்பெல்லாம் கேட்கிற அதே பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"அத்தா, வாட்ஸ் த ஜிசிஎஃப் ஆஃப் எய்ட்டிஃபோர் அண்ட் தர்ட்டிசிக்ஸ்?"

கேட்ட பிறகுதான் நிமிர்ந்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

அவர் பந்தைக் கீழே வைத்தார். "ஜிசிஎஃப்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மீ.பொ.வ. தானே?" என்றார்.

"ஆமா மச்சான். மீப்பெரு பொது வகுத்தி." அந்தச் சொற்றொடரை நான் பல வருஷமாக வாய்விட்டுச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் மூன்று வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கக்கூடிய எண்களில் பெரியது எது என்று கண்டுபிடிப்பது. அவ்வளவுதான். ஆறாம் வகுப்புப் பாடம்.

மகளின் பள்ளியில் சொல்லிக்கொடுத்த வழி ஒவ்வொரு எண்ணுக்கும் காரணிகளை வரிசையாக எழுதுவது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எந்தெந்த எண்ணால் வகுபடும் என்று பார்த்து எழுதி, இரண்டு வரிசையிலும் இருப்பதில் பெரியதை வட்டமிட வேண்டும். அவர் அவளுடைய தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இடது கையில் பென்சிலைப் பிடித்து, 36 என்று எழுதி, கீழே 1 என்று எழுதினார். 2 என்று எழுதினார். அடுத்து 3 வருமா வராதா என்று தெரியவில்லை. பென்சில் தாளின் மேலேயே நின்றது.

"இட்ஸ் ஓக்கே அத்தா. ஐ கேன் டூ இட்," என்றாள் மகள்.

அவர் பென்சிலை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து மாடிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கை வராதபோதும், பேச்சு வராதபோதும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என் புள்ளை கேட்டுச்சு," என்றார்.

அடுத்த நாள் மகள் பள்ளிக்குப் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே அதையே யோசித்தேன். பெருக்கல் இல்லை, வகுத்தல் இல்லை. காரணி எழுத முடியாது. நான் வகுப்பில் போர்டில் போட்டுக்காட்டிய முறையும் முடியாது. அதிலும் வகுக்க வேண்டும். அவரிடம் இருப்பது என்ன? பெரிது எது என்று தெரியும். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கத் தெரியும். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீ.பொ.வ. கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தது. அப்போது அதைத் தேர்வுக்காகப் படித்தேன், அழகாக இருக்கிறதே என்றுகூட நினைக்கவில்லை. வகுத்தல் முறைக்கும் முந்தியது அது, ஆயிரக்கணக்கான வருஷப் பழசு. பெரியதிலிருந்து சிறியதைக் கழி. மிச்சத்தையும் சிறியதையும் வைத்துக்கொண்டு மறுபடி பெரியதிலிருந்து சிறியதைக் கழி. இரண்டும் சமமாகும்வரை. அங்கே நிற்பதுதான் விடை.

கையைத் துடைத்துக்கொண்டு மகளின் கட்டம் போட்ட தாள்களை எடுத்து வந்தேன். எண்பத்து நான்கு கட்டம் நீளத்துக்கு ஒரு பட்டை வேண்டும். ஒரே தாளில் வரவில்லை. இரண்டு துண்டை டேப் போட்டு ஒட்டினேன். முப்பத்தாறு கட்டத்துக்கு இன்னொரு பட்டை. இரண்டுக்கும் ஒவ்வொரு நகலும் வெட்டி வைத்துக்கொண்டேன்.

சோபாவில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரிடம், "கொஞ்சம் இங்கே வாங்க," என்றேன்.

"எதுக்கு?"

"நேத்துக் கணக்கு."

முகம் இறுகியது. "அது வேணாம்."

"பெருக்க வேண்டாம், வகுக்க வேண்டாம். வெட்டினா போதும்."

வந்தார். எனக்காக வந்தார் என்றுதான் நினைக்கிறேன். நீளப் பட்டையின் மேல் குட்டைப் பட்டையை வைத்து, முனையோடு முனை சேர்க்கச் சொன்னேன். "மேல வெச்ச அளவுக்கு வெட்டி எடுத்துருங்க."

இடது கையால் கத்தரிக்கோலைப் பிடித்து வெட்டினார். வெட்டு வளைந்து போனது, கட்டத்தைத் தாண்டவில்லை. மிச்சம் நாற்பத்தெட்டு கட்டம்.

"இப்ப எது பெருசு?"

"இது." மிச்சப் பட்டையைக் காட்டினார்.

"மறுபடி அதே மாதிரி."

முப்பத்தாறை மறுபடி வெட்டி எடுத்தார். பன்னிரண்டு மிஞ்சியது. இப்போது முப்பத்தாறு பெரிது. அதிலிருந்து பன்னிரண்டை வெட்டினார்; இருபத்து நான்கு. அதிலிருந்து இன்னொரு பன்னிரண்டை. கையில் இரண்டு துண்டுகள் மிஞ்சின. ஒன்றன் மேல் ஒன்றை வைத்தார். விளிம்புக்கு விளிம்பு சரியாக இருந்தது.

"ரெண்டும் ஒண்ணா ஆயிருச்சு," என்றார்.

"எத்தனை கட்டம்னு எண்ணுங்க."

விரலை வைத்து எண்ணினார். "பன்னெண்டு."

"அதான் விடை."

என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவரை ஏமாற்றுகிறேன், குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவதுபோலக் காட்டுகிறேன் என்று சந்தேகப்பட்டார். நகல் பட்டைகளைக் கொடுத்தேன். பன்னிரண்டு கட்டத் துண்டை எண்பத்து நான்கு கட்டப் பட்டையின் மேல் வைத்து, முனையில் நகத்தால் கோடு போட்டு, நகர்த்தி, மறுபடி கோடு போட்டு, கடைசிவரை கொண்டு போனார். மிச்சமில்லாமல் முடிந்தது. முப்பத்தாறு பட்டையிலும் அப்படியே. நான் டீ போட எழுந்தேன்.

அடுப்பருகே நிற்கும்போது குரல் கேட்டது.

"ஏன்னு தெரியுது."

திரும்பினேன். அவர் துண்டுகளைத் தொடாமல் மேஜையைப் பார்த்தபடி பேசினார், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து.

"ரெண்டையும் சரியா அளக்கிற துண்டு ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்க. பெருசையும் அளக்கும், சின்னதையும் அளக்கும். அப்ப பெருசிலேருந்து சின்னதை வெட்டி எடுத்துட்டா... மிச்சத்தையும் அது அளந்துதானே ஆகணும். வேற வழி இல்ல. அப்ப வெட்ட வெட்ட அந்தத் துண்டு... அது போகாது. உள்ளேயே இருக்கும். கடைசியில அது மட்டும்தான் நிக்கும்."

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன். இதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எப்படிச் செய்வது என்று மட்டும்தான் சொன்னேன். ஏன் என்பதை அவரே கண்டார். கல்லூரியில் என் பேராசிரியர் இரண்டு போர்டு நிறைய எழுதி நிரூபித்ததை இவர் தடுமாறுகிற நாக்கால் சொல்லி முடித்துவிட்டார். ஏழு எட்டு எவ்வளவு என்று தெரியாத மனிதர்.

"மச்சான்," என்றேன்.

"இன்னொண்ணு வெட்டிக் கொடு," என்றார்.

அன்று சாயங்காலம் மகள் வந்ததும் அவரே கூப்பிட்டார். பட்டைகள் மேஜையில் இருந்தன. அவள் தமிழைப் புரிந்துகொள்வாள், பதில் இங்கிலீஷில்தான் வரும். அவர் வெட்டுவதைக் கைகட்டிப் பார்த்துவிட்டு, "தட்ஸ் நாட் ஹவ் வி டூ இட் இன் ஸ்கூல்," என்றாள்.

"தெரியும். நீ உன் மாதிரி போடு. நான் என் மாதிரி போடுறேன்."

அவள் அறைக்குப் போய் கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்து, கடினமானது என்று டீச்சர் சொன்ன ஒன்றைக் காட்டினாள். தொண்ணூற்று ஒன்று, அறுபத்தைந்து. "தீஸ் டோன்ட் ஹேவ் எனிதிங் இன் காமன்," என்றாள்.

இம்முறை அவர் பட்டை கேட்கவில்லை. தாளில் எழுதினார். 91, கீழே 65. கடன் வாங்கிக் கழிப்பதற்குள் நெற்றியில் வியர்வை அரும்பியது. 26. பிறகு 65-லிருந்து 26, அது 39. அதிலிருந்து மறுபடி 26, அது 13. இருபத்தாறிலிருந்து பதின்மூன்று போனால் பதின்மூன்று. இரண்டும் சமம். நின்றார்.

"தர்ட்டீன்," என்று சொல்லிவிட்டுப் பேனாவை வைத்தார்.

மகள் சரிபார்த்தாள். ஏழு பதின்மூன்று, ஐந்து பதின்மூன்று. இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு அவர் தோளில் தன் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வளர்ந்துவிட்டேன் என்று தொடவே விடாமல் இருந்தவள்.

"டூ அனதர் ஒன்," என்றாள்.

முப்பத்தைந்து, பதினாறு என்று எழுதினாள். அவர் கழித்தார். பத்தொன்பது. மூன்று. பிறகு பதினாறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார். பதின்மூன்று, பத்து, ஏழு, நாலு, ஒன்று. மூன்றிலிருந்தும் ஒன்று ஒன்றாக. கடைசியில் ஒன்றும் ஒன்றும் நின்றன.

"இதுக்கு ஒண்ணுதான்," என்றார். கொஞ்ச நேரம் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் எடுத்தாச்சு. ஆனாலும் ஒண்ணு இருக்கு." அவர் கணக்கைச் சொன்னாரா வேறெதையாவது சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் சில மாதங்கள் அதுதான் நடந்தது. பள்ளிவாசலுக்குக் கிளம்பும் முன்னால் இரண்டு கணக்கு, சாப்பிட்ட பிறகு இரண்டு. பயிற்சி மையத்தில் அந்தப் பெண்ணிடம் காட்டினோம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கவனித்தார். "உங்களுக்கு எண்களின் பொருள் போகவில்லை," என்றார். பிறகு, கண்ணைப் பார்த்து, "வாய்ப்பாடு திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன். இவ்வளவு மாதத்துக்குப் பிறகு அது அபூர்வம்," என்றும் சொன்னார். அவர் பொய் சொல்லாததற்காக என் கணவர் நன்றி சொன்னார்.

மகளின் டீச்சர் பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அவளுடைய தேர்வுத் தாளை எடுத்து வைத்தார். அவள் கழித்துக் கழித்துப் போட்டிருந்தாள். "விடையெல்லாம் சரி. ஆனால் நாங்கள் காரணிகளை எழுதச் சொல்லியிருந்தோம்," என்றார். அடுத்த முறை இரண்டையும் எழுதச் சொல்கிறேன் என்றேன். எங்கிருந்து கற்றாள் என்று கேட்டபோது, "அவ அத்தாவும் அவளும் சேர்ந்து போடுறாங்க," என்று மட்டும் சொன்னேன்.

கோடையில் அவர் அரைநாள் வேலைக்குத் திரும்பினார். நான்தான் காலையில் கொண்டு விட்டு மதியம் கூட்டி வருவேன். அதே கோடையில், நாங்கள் எதிர்பாராத நேரத்தில், கிரீன் கார்டுக்குக் கடைசிக் கட்ட விண்ணப்பம் போட வழி திறந்தது. எங்களைப் போல ஆயிரம் பேர் வக்கீல் வாசலில் நின்றார்கள். சில மாதத்தில் எனக்கு வேலை செய்ய அனுமதி அட்டை வந்தது. அந்த அட்டையை உறையிலிருந்து எடுத்தபோது நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது. இனி பாரம் யார் தோளுக்கு வருகிறது என்று தெரிந்துவிட்டது.

ஆபீஸில் அவருக்கு எளிய வேலைகளாகக் கொடுத்தார்கள். அடுத்தவர் எழுதிய புரோகிராமைப் படித்துப் பார்ப்பது, குறிப்பு எழுதுவது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி ஓடியது. ஒரு நாள் மதியம் காரில் ஏறியவர் சீட் பெல்ட்டைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு ஒரு அட்டவணையில மருந்து அளவு பத்து மடங்கா இருந்துச்சு," என்றார். "நான் பார்த்தேன். எனக்குத் தப்பாத் தெரியல. பக்கத்து சீட்டுப் பொண்ணு பார்த்துச் சொல்லுச்சு."

"அதான் சரி பண்ணிட்டாங்கல்ல?"

"பண்ணிட்டாங்க." கொஞ்சம் நின்றார். "முன்னாடி அந்த மாதிரி எண்ணைப் பார்த்தா கண்ணுல உறுத்தும். யோசிக்கவே வேண்டியதில்ல. இப்ப உறுத்தல. கழிச்சுப் பார்த்தா கண்டுபிடிச்சிருவேன். ஆனா எதைக் கழிச்சுப் பார்க்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்த மருந்தைச் சாப்பிடப் போறது யாரோ ஒருத்தங்க. அவங்களுக்கும் புள்ளை குட்டி இருக்கும்."

நான் வண்டியை எடுக்கவில்லை. பார்க்கிங்கில் மற்ற கார்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மேனேஜர் அவரைப் போகச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். வீட்டில் உட்கார்ந்துவிடலாம் என்று யாரும் அவரைத் தள்ளவில்லை. அந்த நேரத்தில் எல்லா நிறுவனத்திலும் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். இருக்கிற வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள ஊரே தவித்தது. ஒட்டிக்கொண்டிருங்கள், கிரீன் கார்டு கைக்கு வரட்டும் என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வந்தது.

"என்ன செய்யணும்னு தோணுது?" என்றேன்.

"நானே போய்ச் சொல்லிடறேன். அவர் என்கிட்ட சொல்ற நிலைமை வர வேணாம்."

"சரி," என்றேன்.

வக்கீலைக் கேட்டோம். விண்ணப்பம் போட்டு இவ்வளவு காலம் ஆகிவிட்டதால் உடனே எதுவும் அறுந்துவிடாது, ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். அந்த நிச்சயமின்மையோடுதான் என் கணவர் ராஜினாமா செய்தார். மேனேஜர் வாசல்வரை வந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதை நான் காரிலிருந்து பார்த்தேன். அண்ணனிடம் போனில் சொன்னபோது, "புத்தி கெட்டுப் போச்சா ரெண்டு பேருக்கும்?" என்றார். உள்ளுக்குள் எனக்கும் அதே கேள்வி இருந்தது.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு வகுப்பு உதவியாளராகச் சேர்ந்தேன். சாயங்காலத்தில் டீச்சர் சான்றிதழுக்குப் படித்தேன். டவுன்ஹவுஸை விட்டு பிஸ்கட்டவே என்ற ஊரில் இரண்டு அறை அபார்ட்மென்டுக்கு மாறினோம். மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினாள்.

வீட்டிலேயே இருந்தது அவருக்கு நல்லதாக இல்லை. ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். சில நாள் நான் திரும்பும்போது சாப்பிட்டிருக்க மாட்டார். ஒருமுறை, "நீ கல்யாணம் பண்ணது இந்த ஆளை இல்ல," என்றார். "இந்த ஆளைத்தான்," என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தை எப்படிக் கடந்தோம் என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. கடந்தோம்.

பக்கத்து ஊர் நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து, இதைவிட அது பெரிது, அதைவிட இது பெரிது என்று இடம் கண்டு செருக வேண்டும். அவர் நேர்காணலுக்கு எங்கள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். பேச்சு மெதுவாக வரும், பக்கவாதம் வந்தவன் என்று முதலிலேயே சொன்னாராம். அவர்கள் ஒரு வண்டி நிறையப் புத்தகத்தைக் கொடுத்து அடுக்கச் சொன்னார்களாம். நிதானமாக அடுக்கினாராம். ஒன்றுகூட இடம் மாறவில்லையாம்.

முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு வந்தவரை நான் சாயங்காலம் பார்த்தேன். பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது சோபாவில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. நாள் முழுக்க நின்றதில் கணுக்கால் வீங்கியிருந்தது. உள்ளங்கையில் பழைய புத்தகங்களின் தூசி கறுப்பாக ஒட்டியிருந்தது. நான் கீழே உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்த்தேன். பாதி விழித்து, "நாளைக்கு மதியத்துக்கு மேல வரச் சொல்லியிருக்காங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப் போனார்.